ரயிலா, பஸ்ஸா? எம்ஆர்டி வருவதற்கு முன் சிங்கப்பூரில் நடந்த பெரிய வாதம்

உயர்நிலை மாணவர்களிடம் "எம்ஆர்டி எப்போது ஓடத் தொடங்கியது?" என்று கேட்டால் கைத்தொலைபேசியில் தேடி உடனே 1987 என்று சொல்லிவிடுவார்கள். "அது வராமலேயே போயிருக்கலாம், தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். அவர்களுக்கு எம்ஆர்டி என்பது கடற்கரை மாதிரி, மழை மாதிரி, பிறக்கும்போதே இருந்த ஒன்று. அதை வேண்டாம் என்று சொன்ன அமைச்சர்களும் நிபுணர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது என்பது நம்மில் பலருக்கே மறந்துபோன செய்தி. பத்தாண்டுக்கு மேல் நீண்ட அந்த வாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சிங்கப்பூரில் சாலைப் போக்குவரத்து ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை. 1880-இல் ரிக்‌ஷா வந்தது. 1886-இல் வந்த நீராவி டிராம், ரிக்‌ஷாவோடு போட்டி போட முடியாமல் 1894-இல் மூடப்பட்டது. 1905-இல் மின்சார டிராம் வந்தது. அதுவும் 1927-இல் நின்றது. அதற்குப் பதிலாக வந்த டிராலி பஸ், அதாவது மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் இல்லாமல் ஓடும் பஸ், 1962 வரை ஓடியது. இவற்றுக்கு இடையில் 'கொசு பஸ்' என்று அழைக்கப்பட்ட ஏழு இருக்கை வண்டிகள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஆள் ஏற்றின. பெரிய நிறுவனம் தண்டவாளம் போடும், சின்ன வண்டிக்காரர் நோகாமல் பயணிகளை அள்ளிக்கொண்டு போவார். இந்தப் பழைய அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'சக்கரம் எங்கேயும் போகும், தண்டவாளம் ஒரே இடத்தில்தான் கிடக்கும்' என்ற எண்ணம் பிறகு நடந்த வாதத்திலும் திரும்பத் திரும்ப வந்தது.

சுதந்திரம் பெற்ற காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பேருந்து சேவையை ஒரு வெள்ளைக்கார நிறுவனமும் பதினொரு சீன நிறுவனங்களும் பங்கு போட்டு நடத்தின. ஒரு நிறுவனத்தின் எல்லையில் இறங்கி இன்னொரு நிறுவனத்தின் பஸ்ஸில் ஏற வேண்டும். வண்டி பழுதாகி நடுவழியில் நிற்பது சாதாரணம். அதனால்தான் உரிமம் இல்லாத 'பைரேட் டாக்சி' ஆயிரக்கணக்கில் ஓடியது. சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் வேலைக்கு நேரத்தோடு போக வேண்டிய தொழிலாளிக்கு வேறு வழி என்ன இருந்தது? 1970-71-இல் அரசாங்கம் அந்த டாக்சிகளை ஒழித்தது. ஓட்டுநர்களில் பலர் புதிதாக அமைந்த என்டியுசி கம்ஃபர்ட் கூட்டுறவுக்கு மாறினார்கள். 1971-இல் சீனப் பேருந்து நிறுவனங்கள் மூன்றாக இணைக்கப்பட்டன. 1973 நவம்பரில் அந்த மூன்றும் சேர்ந்து சிங்கப்பூர் பஸ் சர்வீசஸ் ஆனது. இணைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஆண்டே அரசாங்கம் தன் அதிகாரிகளை உள்ளே அனுப்பி நிர்வாகத்தைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

இப்படிப் பஸ்ஸே ஒழுங்காக ஓடாத ஊரில்தான் ரயில் கனவு தொடங்கியது.

1967-இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு மாநில, நகரத் திட்டமிடல் ஆய்வு தொடங்கி நான்கு ஆண்டு நடந்தது. அதிலிருந்து வந்ததுதான் 1971-ஆம் ஆண்டின் கருத்துத் திட்டம். தீவின் நடுவில் இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போலப் புதிய நகரங்கள், தெற்கே நகர மையம், மேற்கே ஜூரோங் தொழிற்பேட்டை, கிழக்கே சாங்கியில் விமான நிலையம் என்று இன்றைய சிங்கப்பூரின் உருவம் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. 1992-இல் மக்கள்தொகை நாற்பது லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அத்தனை பேரும் காலையில் மையத்துக்கு வர வேண்டுமென்றால் சாலை மட்டும் போதாது, ரயில் வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவு.

அந்த ஆய்வில் வேலை செய்தவர்களில் ஒருவர் இளம் கட்டடக் கலைஞர் ஓங் டெங் சியோங். அடிலெய்டில் கட்டடக் கலையும் லிவர்பூலில் நகரத் திட்டமிடலும் படித்தவர். பின்னாளில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபரானவர் என்றுதான் நம் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். 1978-இல் அவர் தொடர்பு அமைச்சர் ஆனார். தான் கோடு போட்ட ரயிலைத் தானே கட்டி முடிக்க வேண்டிய பொறுப்பு அவர் கைக்கே வந்தது. இப்படி அமைவது அபூர்வம்.

ஆனால் கோடு போடுவது வேறு, காசு போடுவது வேறு. 1972 முதல் வில்பர் ஸ்மித் நிறுவனம் கட்டம் கட்டமாக ஆராய்ந்து, ரயில் சாத்தியம்தான் என்றது. செலவைப் பார்த்தவர்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. கடைசியில் அது ஐந்து பில்லியன் வெள்ளி ஆனது. அதுவரை சிங்கப்பூர் எடுத்த பொதுத் திட்டங்களிலேயே மிகப் பெரியது. நிதியைக் கட்டிக்காத்த டாக்டர் கோ கெங் சுவீ சந்தேகப்பட்டவர்களில் முக்கியமானவர். அவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். உலகின் பல நகரங்களில் சுரங்க ரயில் நட்டத்தில் ஓடுகிறது. கட்டத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ஆறு கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிவிட்டு 'காசு இல்லை' என்றால் அந்தக் குழியை என்ன செய்வது? பஸ் அப்படியல்ல. இந்த வருடம் நூறு வாங்கலாம், தேவைப்பட்டால் அடுத்த வருடம் இன்னும் நூறு. வேண்டாமென்றால் தடத்தை மாற்றலாம்.

இந்தச் சந்தேகத்துக்கு நிபுணர் பலம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முந்தைய ஆய்வுகளைச் சரிபார்க்க, கென்னத் ஹேன்சன் தலைமையில் ஒரு குழுவை அரசாங்கம் 1980-இல் அழைத்தது. அவர்கள் அறிக்கை ரயில் தரப்புக்கு நேர் எதிராக இருந்தது. முந்தைய ஆய்வுகள் ரயிலின் நன்மையைக் கூட்டிச் சொல்லியிருக்கின்றன, பஸ்ஸால் செய்யக்கூடியதைக் குறைத்துச் சொல்லியிருக்கின்றன என்றார்கள். விரைவு பஸ், பஸ் தடம், நல்ல மாற்று நிலையங்கள், நகர மையத்துக்குள் கார்களுக்குக் கட்டுப்பாடு, இவை எல்லாம் சேர்ந்தால் முழுக்க பஸ்ஸை நம்பிய ஒரு முறையே போதும், செலவும் மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம்.

சிங்கப்பூரில் அது வெறும் காகித யோசனையாகவும் இல்லை. 1975 ஜூன் 2 முதல் இங்கே வட்டார உரிமத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. காரில் நாலு பேர் இருந்தால் இலவசம். உலகிலேயே இப்படி நெரிசலுக்குக் கட்டணம் வாங்கிய முதல் நகரம் நம்முடையதுதான். கட்டண நேரத்தில் வாகன எண்ணிக்கை 44 விழுக்காடு குறைந்தது. அதிகாரிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம். கண்ணாடியில் ஒட்டும் ஒரு காகிதத்தால் இவ்வளவு சாதிக்க முடிந்தால், பல பில்லியன் வெள்ளி எதற்கு என்று கேட்பதில் என்ன தவறு? (மைய எல்லையில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகட்டும் என்று கட்டிய கார் நிறுத்துமிடங்கள் மட்டும் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. காரை விட்டு இறங்க மனம் வந்தவர்கள், நேராக வீட்டிலிருந்தே பஸ் ஏறிவிட்டார்கள் போலும்.)

இரு தரப்பும் தொலைக்காட்சியில் மோதின. அரசாங்கம் அழைத்த நிபுணர்களே ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு மக்கள் முன்னால் புள்ளிவிவரத்தோடு வாதாடியது அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி அல்ல. என் கருத்தில் இந்த வாதத்தின் மிகப் பெரிய மதிப்பு அங்கேதான் இருக்கிறது. முடிவு மேலே எடுக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் ஏன் என்ற கேள்வி வரவேற்பறை வரைக்கும் வந்தது.

வாதத்தின் மையத்தை வகுப்பில் ஒரு சின்னக் கணக்கால் காட்டிவிடலாம். ஒரு திசையில், ஒரே முக்கியச் சாலை வழியாக, ஒரு மணி நேரத்தில் 20,000 பேர் மையத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸில் 80 பேர். அப்படியானால் 250 பஸ். ஒரு மணிக்கு 3,600 வினாடி. அதை 250-ஆல் வகுத்தால் 14.4. அதாவது பதினான்கு வினாடிக்கு ஒரு பஸ், அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தத்தில் ஒரு பாட்டி ஏறி உட்காரவே அதைவிட நேரமாகும். ரயிலில் ஒரு தடவைக்கு 1,000 பேர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் போதும்.

இதைக் கேட்டதும் மாணவர்கள் 'ரயில் ஜெயித்தது' என்று முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். பஸ் தரப்புக்காக வாதாட ஒருவரை எழுப்புங்கள். "ஏன் எல்லாரும் ஒரே சாலையில் வரணும்? ஐந்து சாலையில் பிரித்து விட்டால் 72 வினாடிக்கு ஒரு பஸ்தானே?" என்று அந்தப் பிள்ளை கேட்டால் அது சரியான கேள்வி. அப்போது பிரச்சினை வழியில் இல்லை, போய்ச் சேரும் இடத்தில் என்பது தெரியவரும். ஐந்து சாலையும் கடைசியில் ஷென்டன் வே, ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற ஒரே சின்ன இடத்துக்குள்தான் வந்து விழுகின்றன.

ஹார்வர்ட் அறிக்கைக்குப் பிறகு அரசாங்கம் 1981-இல் முழுமையான போக்குவரத்து ஆய்வு ஒன்றை நடத்தியது. அது சுட்டிக்காட்டியதும் இதைத்தான். நகர மையத்தில் அத்தனை பஸ் வந்து நின்று திரும்ப இடம் கிடையாது, முழுக்க பஸ்ஸை நம்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மரினா கடலோரம் நிலமீட்பு நடந்துகொண்டிருந்தது. ரயில் வந்தால் அந்தப் புதிய நிலத்தின் மதிப்பு கூடும். ஆக, ரயில் பயணிகளை ஏற்றிப் போகும் வாகனம் என்பதோடு, நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று சொல்லும் கருவியாகவும் ஆனது. 1982 மே மாதம் 28-ஆம் தேதி, எம்ஆர்டி கட்டப்படும் என்று ஓங் டெங் சியோங் அறிவித்தார். கருத்துத் திட்டம் வெளிவந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது.

1983 அக்டோபரில் ஷான் ரோட்டில் வேலை தொடங்கியது. அதன்பிறகு ஊரே தோண்டப்பட்டது. ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில், இந்திய வண்ணார்கள் துணி துவைத்த ஓடையால் பெயர் பெற்ற தோபி காட்டில், ஆம்பர் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடம் நிலையத்துக்காக 1984-இல் இடிக்கப்பட்டது. ராஃபிள்ஸ் பிளேஸில் இன்று நிலைய வாசலாக நிற்கும் வெள்ளை முகப்புகள், அங்கே முன்பு இருந்த ஜான் லிட்டில் கடையின் முகப்பைப் போலச் செய்தவை. நிஜம் போய்விட்டது, நகல் நிற்கிறது. பீஷான் என்ற பெயரே பெக் சான் தெங் என்ற சீன மயானத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தக் கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்ட நிலத்தில்தான் புதிய நகரமும் ரயில் பணிமனையும் எழுந்தன. 'ரயிலா, பஸ்ஸா' என்ற வாதத்தில் இரு தரப்பும் வெள்ளியையும் நிமிடத்தையும் எண்ணினார்கள். இவற்றை எண்ணுவதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் சிராங்கூன் ரோட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1986 மார்ச் 15 அன்று, ஓவன் ரோடு சந்திப்பில் இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்டு கட்டடம் நொடியில் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மீட்கச் சுரங்கம் தோண்டத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். எம்ஆர்டி வேலைக்காக வந்திருந்த ஐரிஷ், பிரிட்டிஷ், ஜப்பானிய நிபுணர்கள் தாங்களே முன்வந்து இடிபாட்டின் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டடம் விழக் காரணம் அதன் சொந்த வடிவமைப்புப் பிழை என்று விசாரணையில் தெரிந்தது.

1987 நவம்பர் 7-ஆம் தேதி முதல் ரயில் ஓடியது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையம், ஆறு கிலோமீட்டர். டிசம்பரில் ஊட்ரம் பார்க் வரை நீண்டது. 1988 மார்ச் 12-இல் பிரதமர் லீ குவான் யூ அதிகாரபூர்வமாகத் தொடக்கி வைத்தார். 1990 ஜூலையில் பூன் லே வரை திறந்தபோது, 67 கிலோமீட்டர், 42 நிலையம் என்ற முதல் திட்டம் முழுதும் முடிந்தது. திட்டமிட்டதைவிட இரண்டு ஆண்டு முன்னதாகவே.

இனி ஒரு விஷயம். 1971-இன் கணக்குப்படி 1992-இல் நாற்பது லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். 1990 குடிமதிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம்தான். 2000-ஆம் ஆண்டில்தான் நாற்பது லட்சத்தை எட்டினோம். அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள் சொன்னது சரியா? ஓரளவுக்கு, ஆமாம், கணிப்பு மிகையாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் இருபது ஆண்டுக்காகக் கட்டப்படுவதில்லை. எந்த ஆண்டில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வென்றவர் மாறுகிறார். வரலாற்றுப் பாடத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பஸ் தரப்பு தோற்றது என்று சொல்வதும் பாதி உண்மைதான். அவர்கள் யோசனையில் பாதி, கார்களுக்குக் கட்டுப்பாடு, அப்படியே நிலைத்துவிட்டது. 1990-இல் வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது. 1998-இல் காகித உரிமம் போய் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. ரயில் நிலையத்தோடு ஒட்டிய பேருந்து மாற்று நிலையத்தில் இன்றும் நாம் ரயிலை விட்டு பஸ் ஏறுகிறோம். கோ கெங் சுவீயின் சந்தேகம் இன்னொன்றையும் செய்தது. அவசரப்பட்டு எழுபதுகளில் கட்டியிருந்தால், பஸ்ஸே சீர்படாத ஊரில் ரயிலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்க என்ன இருந்திருக்கும்?

'எது' என்ற வாதம் முடிந்ததும் 'யாருக்கு முதலில்' என்ற வாதம் தொடங்கியது. இதில் நம் சமூகத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. முதல் 42 நிலையங்களில் தேக்காவுக்கு ஒன்றும் இல்லை. சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்கும் கடைக்கும் வருபவர்கள் தோபி காட்டிலோ பூகிஸிலோ இறங்கி நடக்க வேண்டும், இல்லையென்றால் பஸ். வடகிழக்குப் பாதை எண்பதுகளிலேயே ஆராயப்பட்டது. ஹவ்காங், செங்காங் பக்கம் போதிய மக்கள் இல்லை என்று தள்ளிப்போனது. 1996 ஜனவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2003 ஜூன் 20-இல் லிட்டில் இந்தியா நிலையம் திறந்தபோது, எம்ஆர்டி தொடங்கி பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அன்று அந்தப் பாதையில் 16 நிலையங்களில் 14 மட்டுமே திறந்தன. பொங்கோலுக்கு அருகில் புவாங்கோக் நிலையம் கட்டி முடித்தும் பூட்டியே கிடந்தது. பக்கத்தில் போதிய வீடு இல்லை என்பது காரணம். ரயில் தினமும் நிற்காமல் அந்த இருட்டு மேடையைத் தாண்டிப் போனது. அங்கே குடியிருந்தவர்கள், நிலையம் வரும் என்பதை நம்பி வீடு வாங்கியவர்கள், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005 ஆகஸ்டில் ஓர் அமைச்சர் வருகை தந்த நாளில், சாலையோரத்தில் எட்டு வெள்ளை யானைப் படங்கள் முளைத்திருந்தன. யார் வைத்தது என்று போலீஸ் விசாரித்தது. வெள்ளை யானை என்றால் செலவு செய்தும் பயனில்லாத பொருள் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 2006 ஜனவரி 15-இல் நிலையம் திறந்தது. உட்லீ நிலையம் 2011 வரை காத்திருந்தது.

வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள்: 1980-இல் நிதியைக் காக்கும் அமைச்சர், அங் மோ கியோவிலிருந்து ஷென்டன் வேக்கு வேலைக்குப் போகும் தட்டச்சர், தேக்காவில் கடை வைத்திருப்பவர். மூவருக்கும் ஒரே கேள்வி: ஐந்து பில்லியன் வெள்ளியை எதில் போடலாம்? 1982-க்குப் பிறகு நடந்தது எதையும் அவர்கள் பயன்படுத்தக் கூடாது. நான் நடத்திய வகுப்பில் தட்டச்சர் குழு ரயிலைக் கேட்கும் என்றுதான் நினைத்தேன். அவர்கள் கேட்டது, "நாளைக்குக் காலையில் எனக்கு பஸ் வேணும் சார், ரயில் வர ஏழு வருஷம் ஆகுமே" என்பதுதான். அமைச்சர் குழுவால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.